டிரம்ஸ் இல்லாத தாளம்: பியானோவும் பாஸும் மட்டும் வாசிக்கும் ஜாஸை எப்படிக் கேட்பது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் தேவாலயங்களில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்களுக்கு, பியானோவும் பாஸும் மட்டும் வாசித்த ஒரு ஜாஸ் பதிவைப் போட்டுக் காட்டினால் அரை நிமிடத்துக்குள் ஒரு கேள்வி வரும்: "ரிதம் எப்பம் வரும்?"

கேட்பதில் தப்பில்லை. ஸ்டைல் பொத்தானை அமுக்கியதும் டிரம்ஸ் தானாக ஓடத் தொடங்கும் கீபோர்டில் பழகிய காதுக்கு ரிதம் என்பது வெளியிலிருந்து வந்து சேர்கிற ஒரு சரக்கு. அது வராதபோது பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்றே தோன்றும். இந்த வகை இசையைப் பற்றி வேறு சில பேச்சுகளும் உலவுகின்றன. டிரம்மருக்குக் கொடுக்கக் காசில்லாமல் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பார்கள். ஓட்டலில் சாப்பிடும்போது பின்னணியில் போடுவது என்பார்கள். ஆலாபனை மாதிரி தாளக்கட்டு இல்லாதது என்பார்கள். பாஸ்காரர் பின்னால் நின்று டூம் டூம் என்று ஒத்து ஊதுகிறார் என்றும் சொல்வார்கள். காசு விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். மற்ற மூன்றும் தவறு. தாளக்கட்டு இல்லை என்பதுதான் முழுத் தவறு. டிரம்ஸ் இருக்கும் ஜாஸில் எவ்வளவு கணக்கு உண்டோ அதே கணக்கு இதிலும் உண்டு. கணக்கை வைத்திருக்கும் ஆள்தான் வேறு.

ஒரே உரலில் இரண்டு உலக்கை

நாஞ்சில் நாட்டு வீடுகளில் மாவு இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போடுவார்கள். யாரும் எண்ணுவதில்லை. ஓரமாக நின்று கை தட்டிக் கொடுப்பவரும் இல்லை. ஒரு உலக்கை விழும் ஓசைதான் அடுத்த உலக்கைக்கு நேரம் சொல்கிறது. ஒருவர் தயங்கினால் அடுத்த நொடியே உலக்கையும் உலக்கையும் மோதும். இங்கே தாளம் எந்த உலக்கையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வேலை செய்வதும் மற்றவரைக் கவனிப்பதும் தனித்தனி வேலைகளும் அல்ல.

வில்லுப்பாட்டிலிருந்தும் ஒரு உதாரணம் எடுக்கலாம். உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்து அடிக்கும்போது குடத்தின் ஓசையைத் தனியாகக் கவனிப்பவர் குறைவு. குடத்தின் வாயில் தட்டையாக அடி விழும்போது எழும் அந்தக் 'கும்' ஓசைதான் அடியில் கிடந்து எல்லாவற்றையும் தாங்குகிறது. உடுக்கையையும் ஜால்ராவையும் நிறுத்திவிட்டு, பாடுபவரும் குடமும் மட்டும் தொடர்ந்தால் என்ன கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டு நிற்காது. ஆனால் ஒவ்வொரு 'கும்'முக்கும் இதுவரை இல்லாத எடை வந்துவிடும்.

மூன்றாவது உதாரணம் கர்நாடக இசையிலிருந்து. வீணையில் தானம் வாசிக்கும்போது பெரும்பாலும் மிருதங்கம் சும்மா இருக்கும், தாளமும் போடுவதில்லை. இருந்தாலும் 'அனந்தம், அனந்தம்' என்று ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். வலது கை சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளை மீட்டி அதைத் தாங்கிப் பிடிக்கும். தோல் வாத்தியம் இல்லாமல் தந்தியிலேயே துடிப்பை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று தேட வேண்டாம்.

இரண்டு சொற்களை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். சீரான இடைவெளியில் வரும் துடிப்புக்குப் பெயர் பீட். ஒரு நிமிடத்தில் எத்தனை பீட் என்பது டெம்போ. டெம்போ 120 என்றால் அரை விநாடிக்கு ஒரு பீட்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பீட் இருக்க டிரம்ஸ் கட்டாயமில்லை. சேர்ந்து வாசிப்பவர்கள் ஒருவர் ஓசையிலிருந்து ஒருவர் நேரம் எடுத்துக்கொண்டால் போதும்.

டிரம்மர் போனால் எந்த வேலை யாருக்கு?

ஜாஸ் டிரம்மர் தாளம் போடுகிறார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அவர் நான்கு வேலை பார்க்கிறார். வலது கைக் குச்சி பெரிய சிம்பலில் 'டிங், டிங்-க-டிங்' என்று பீட்டை ஓட்டுகிறது. இடது கால், இரண்டு தட்டுகள் சேர்ந்த ஹை-ஹாட்டை 2-ஆம், 4-ஆம் பீட்டில் 'சிக்' என்று மூடுகிறது. எட்டு அளவு முடியும் இடத்தில் ஒரு சிறு உருட்டல் போட்டு 'இந்தப் பகுதி முடிந்தது' என்று அறிவிக்கிறார். பாட்டு ஏறும்போது ஓசையை ஏற்றி, இறங்கும்போது இறக்குகிறார். ஜாஸில் பெரும்பாலும் நான்கு பீட் சேர்ந்தது ஓர் அளவு.

அவர் இல்லாதபோது முதல் வேலை பாஸ்காரரிடம் போகிறது. இரண்டாவது வேலை பாதி பாஸிடமும் பாதி கேட்பவரிடமும் போகிறது. 2-லும் 4-லும் பாஸ்காரர் விரலை ஒரு மயிரிழை அழுத்தி இழுப்பார். மிச்சத்தை நம் கால்தான் தட்டிக்கொள்ள வேண்டும். பகுதி முடிவதைச் சொல்வது பியானோவின் வேலை. உருட்டலுக்குப் பதிலாக, திரும்பி வரும் இடத்தில் இரண்டு மூன்று கார்டுகளை அடுத்தடுத்து மாற்றி வாசலைத் திறந்து காட்டுவார். சேர்ந்து ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களைக் கார்டு என்கிறோம் என்பது கீபோர்டுகாரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். நான்காவது வேலையான ஏற்ற இறக்கத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தகராறு அதிகம் வருவதும் அங்கேதான்.

பாஸ்: நடந்துகொண்டே இருக்கும் கால்

இங்கே பாஸ் என்பது டபுள் பாஸ். வயலின் குடும்பத்தை ஒத்தது, ஏறக்குறைய ஆள் உயரம், நின்றுகொண்டு வாசிப்பது. ஜாஸில் பெரும்பாலும் வில்லைத் தொடாமல் விரலால் இழுத்தே வாசிப்பார்கள். தந்தி நான்கு. மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்தவை 55, 73, 98. சாதாரண பாஸ் கிட்டாரின் நான்கு தந்திகளுக்கும் இதே சுருதிதான். டபுள் பாஸ் கேட்டுப் பழகினால் பாஸ் கிட்டார்காரருக்கும் லாபம் என்பது அதனால்தான். டபுள் பாஸில், கிட்டாரின் கழுத்தில் இருப்பதுபோல், கட்டை (ஃபிரெட்) கிடையாது, சுரம் சேர்வது முழுக்க இடது கை விரலின் பொறுப்பு.

பீட்டுக்கு ஒன்றாக, ஒரே சீராகச் சுரம் வாசித்துக்கொண்டு போவது வாக்கிங் பாஸ். நடக்கிற காலைப் போல ஒவ்வொரு அடியும் ஒரே நீளம், ஆனால் ஊர்ந்து போகும் பாதை வேறு வேறு. அந்தப் பாதை கண்டபடி போவதில்லை. சி ஸ்கேலில், சி-யை ச என்று வைத்துக்கொண்டால், டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் என்ற மூன்று கார்டுகள் ஜாஸில் ஆயிரம் பாட்டுகளில் வரும். அதன்மேல் ஓர் எளிய நடை இப்படி இருக்கும் (ரி1, ரி2 என்ற எண்கள் ஒரே சுரத்தின் தாழ்ந்த, உயர்ந்த வகைகள்; நடுக்கோடு அளவின் எல்லை):

ரி2 – ம1 – த2 – த1 | ப – நி3 – ரி2 – ரி1 | ச

ஒவ்வோர் அளவின் முதல் பீட்டிலும் அந்தக் கார்டின் அடிச் சுரம் விழுகிறது. இரண்டிலும் மூன்றிலும் கார்டுக்குள் இருக்கும் வேறு சுரங்கள். நான்காவது பீட்தான் ருசி. த1 ப-வுக்கு அரைப்படி மேலே, ரி1 ச-வுக்கு அரைப்படி மேலே. ஸ்கேலுக்கு வெளியே இருக்கும் அந்தச் சுரம் அடுத்த அளவை நோக்கிக் காதைத் தள்ளுகிறது. உங்களை அறியாமல் தலை ஆடுவது இந்த இடத்தில்தான். டிரம்ஸ் தள்ளாத இடத்தில் சுரம் தள்ளுகிறது.

பல பாட்டுகளில் முதல் சுற்றில், அதாவது மெட்டு முதன்முறை முழுதாக வந்து முடியும் வரை, பாஸ் நடப்பதில்லை. பாஸ் 1-லும் 3-லும் மட்டும் வாசித்து, அளவுக்கு இரண்டே சுரத்தோடு நிற்கும். இதை டூ-ஃபீல் என்பார்கள். மெட்டு முடிந்து கற்பனை வாசிப்பு தொடங்கும்போது நான்காக மாறும். டெம்போ கொஞ்சமும் மாறாது; இருந்தும் வண்டி கியர் மாற்றிய மாதிரி ஒரு வேகம் தெரியும். டிரம்ஸ் இல்லாதபோது இந்த மாற்றம் பளிச்சென்று கேட்கும். கேட்கத் தொடங்குபவர் முதலில் பிடிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

ஸ்விங் என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடுவோம். ஒரு பீட்டை 'தகிட' என்று மூன்றாகப் பிரியுங்கள். 'த'வையும் 'ட'வையும் மட்டும் ஒலிக்கவிட்டு நடுவில் உள்ள 'கி'யை விழுங்குங்கள். நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று ஒரு நொண்டல் கிடைக்கும். அதுதான் ஸ்விங்கின் அடிப்படை. மெதுவான டெம்போவில் நொண்டல் கூடும். மிக வேகத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். பாஸ் பீட்டுக்கு ஒரு சுரம்தானே வாசிக்கிறது, அதில் நொண்டல் எங்கே என்று கேட்கலாம். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்கவிட்டு எப்போது அடக்குகிறார் என்பதில் அது ஒளிந்திருக்கிறது. சுரத்தைச் சீக்கிரம் வெட்டினால் நடை கல் மேல் நடப்பதுபோல் ஆகிவிடும். டிரம்ஸ் இருந்தால் சிம்பல் ஓசை அந்த ஓட்டையை மூடும், இங்கே மூட ஆளில்லை. அதனால் டூயோவில், அதாவது இருவர் மட்டும் சேர்ந்த குழுவில், வாசிக்கும் பாஸ்காரர் ஒரு சுரம் அடுத்த சுரத்தைத் தொடும் வரை விடமாட்டார்.

சுருக்கமாக, பாஸ் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. பீட்டைக் காட்டுகிறது, கார்டின் அடியைக் காட்டுகிறது, அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது.

பியானோவின் இடது கை எங்கே போயிற்று?

88 கட்டைகள் உள்ள பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். பாஸின் தாழ்ந்த தந்தியைவிடவும் கீழே. தனியாக வாசிக்கும்போது பியானோக்காரர் இந்தக் கீழ்ப்பகுதியைத் தாராளமாகப் பயன்படுத்துவார்: இடது கை கீழே ஒரு அடிச் சுரம், மேலே ஒரு கார்டு, மறுபடி கீழே. பாஸ் பக்கத்தில் வந்து நின்றதும் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். புதிதாக டூயோ வாசிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

காரணம் ஒலியிலேயே இருக்கிறது. பாஸ்காரர் 55 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் வைக்கிறார். விரல் மயிரிழை தள்ளி 56 ஆகிவிட்டது. பியானோவும் அதே சுரத்தை 55-இல் அடித்தால், இரண்டும் சேர்ந்து விநாடிக்கு ஒருமுறை 'வூம்... வூம்' என்று ஏறி இறங்கும். சுருதி சரியாகவே இருந்தாலும் பியானோவின் சுத்தியல் பட்டென்று அடிக்கும். விரலால் இழுத்த தந்தியின் தொடக்கம் அதில் மூழ்கிவிடும். பாஸ் எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பீட் எங்கே என்றும் தெரியாது. தாளத்தைக் காட்டும் ஒரே ஆளின் வாயைப் பொத்தியதற்குச் சமம்.

ஆகவே இடது கை மேலே ஏறி, பியானோவின் நடுப்பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே வாசிக்கும் கார்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. மேலே சொன்ன மூன்று கார்டுகளுக்கும் ஜாஸ் பியானோவில் வழக்கமான ஒரு கை வைப்பு இது. நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் கட்டையிலிருந்து தொடங்குங்கள்:

டி மைனர் 7-க்கு: ம1, த2, ச, க3
ஜி 7-க்கு: ம1, த2, நி3, ரி2
சி மேஜருக்கு: க3, ப, நி3, ரி2

கவனித்துப் பாருங்கள். முதல் கார்டின் பெயர்ச் சுரம் ரி. அது கையில் இல்லை. இரண்டாவதில் ப இல்லை. மூன்றாவதில் ச-வே இல்லை. இதை ரூட்லெஸ், அதாவது அடிச் சுரம் விடுத்த கார்டு என்பார்கள். பியானோவில் மட்டும் இதை வாசித்தால் முதல் கார்டு எஃப் மேஜர் 7 போலவும் மூன்றாவது இ மைனர் 7 போலவும்தான் கேட்கும். பாஸ் கீழே ரி வைத்தால்தான் முதல் கார்டு டி மைனர் ஆகிறது. பாதிக் கார்டு ஒருவர் கையில், மீதிப் பாதி இன்னொருவர் விரலில்.

பாஸ் ஒத்து ஊதுகிறது என்ற பேச்சு இங்கே உடைந்துவிடுகிறது. இரண்டாவது கார்டு ஒலிக்கும்போது பாஸ்காரர் ப-வுக்குப் பதிலாக ரி1 வைத்துவிட்டால் பியானோக்காரர் ஒரு விரலையும் அசைக்காமலே அந்தக் கார்டு வேறொன்றாகிவிடும், நிறம் இருண்டுபோகும். பியானோக்காரர் அந்த நொடியில் அதைக் கேட்டு வலது கையை அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஜாஸ்காரர்கள் 'உரையாடல்' என்று சொல்வதில் பாதி வெறும் அலங்காரப் பேச்சு. மீதிப் பாதி இதுதான்.

இடது கைக் கார்டுகள் பீட்டில் நேராக விழுவதும் குறைவு. பாஸ் நான்கு பீட்டையும் காட்டிக்கொண்டிருக்கும்போது பியானோவும் அதே நான்கில் அடித்தால் உலக்கை மோதிய கதைதான். அவர் இடையிடையே, 1-லும், 2-க்கும் 3-க்கும் நடுவிலும், என்று குத்திவிட்டு விலகுவார். இப்படி இடம் பார்த்துக் கார்டு போடுவதற்குக் காம்பிங் என்று பெயர். இரண்டு அளவு முழுக்க ஒன்றும் போடாமல் விடுவதும் காம்பிங்தான்.

சிம்பல் மறைத்து வைத்திருந்தவை

பெரிய சிம்பலை ஒருமுறை தட்டினால் ஓசை பல விநாடி நீளும். அதைப் பீட்டுக்குப் பீட்டு தட்டிக்கொண்டே இருந்தால் மேல் பகுதி முழுக்க ஒரு மெல்லிய திரை விழும். அந்தத் திரைக்குப் பின்னால் பல சின்ன ஓசைகள் மறைந்துபோகும்: தந்தியில் விரல் வழுக்கும் கிறீச், பியானோவின் பெடலை விடும்போது எழும் 'டப்', வாசிப்பவரின் மூச்சு. டிரம்ஸ் போனதும் இவை வெளியே வருகின்றன. கூடவே ஒவ்வொரு சுரமும் எப்படித் தேய்ந்து அணைகிறது என்பதும் கேட்கும். மௌனமும் மௌனமாகவே இருக்கும். வசதி ஒன்று என்றால் ஆபத்தும் ஒன்று: தவறு செய்தால் மறைய இடமில்லை. மென்மையான இசை ஆகையால் எளிது என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

இது எங்கிருந்து வந்தது?

பியானோக்காரரும் குழுத் தலைவருமான டியூக் எலிங்டன் 1939-இல் ஜிம்மி பிளாண்டன் என்ற இளம் பாஸ்காரரைத் தன் குழுவில் சேர்த்தார். அந்த ஆண்டிலும் 1940-இலும் இருவர் மட்டும் வாசித்துச் சில பதிவுகள் செய்தார்கள். அதுவரை பாஸ் பெரும்பாலும் பின்னணி. அந்தப் பதிவுகளில் அது மெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தது, வில்லாலும் பாடியது. பிளாண்டன் காசநோயால் 1942-இல் 23 வயதில் இறந்துபோனார். ஜாஸ் பாஸின் வரலாற்றை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரிப்பார்கள்.

இனி அந்தக் காசுக் கதை. நியூயார்க்கில் 1926-இல் வந்த கேபரே சட்டம், பிற்காலத் திருத்தத்துக்குப் பிறகு, தனி உரிமம் இல்லாத சிறு உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது என்றது. பியானோ, தந்தி வாத்தியங்கள் வாசிக்கலாம்; டிரம்ஸும் ஊதும் வாத்தியங்களும் கூடாது. இடமும் குறைவு, பணமும் குறைவு, சட்டமும் இப்படி. பியானோவும் பாஸும் பொருத்தமாக அமைந்தன. 1969 முதல் 1996 வரை அங்கே நடந்த பிராட்லீஸ் என்ற சிறு மதுக்கடை இந்த இருவர் இசைக்கே பேர்போனது. அங்கிருந்த பியானோவை உயில் எழுதி விட்டுச் சென்றவர் சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். 1986-இலும் 1988-இலும் வந்த தீர்ப்புகள் வாத்தியக் கட்டுப்பாட்டையும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையும் நீக்கின. அதற்குள் ஒரு தலைமுறை இந்த வடிவத்திலேயே ஊறி வளர்ந்துவிட்டது. தடை போட்டவர்கள் நினைத்தது இதுவாக இருந்திருக்காது.

பாஸ் தனியாகப் போகும்போது பீட் யாரிடம்?

தொடங்குபவர்கள் வழி தவறுவது இங்கேதான். பியானோ தன் கற்பனையை முடித்ததும் பாஸின் முறை வரும். பாஸ் நடையை விட்டுவிட்டு மெட்டுபோல் வாசிக்கத் தொடங்குகிறது. அடி ஓசை திடீரென்று காணாமல் போகிறது. பலர் இதை இடைவேளை என்று எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பீட் நிற்பதில்லை, வாசிப்பது குறைகிறது, அவ்வளவே. பியானோக்காரர் அளவுக்கு ஒன்றோ இரண்டோ கார்டு, குட்டையாக, சத்தம் தணித்துப் போடுவார். சிலர் இடது கையால் மெல்ல நடந்து காட்டுவார்கள். சிலர் முழுவதும் கையை எடுத்துவிடுவார்கள். அப்போது பாஸ்காரர் தன் வாசிப்புக்குள்ளேயே அளவின் முதல் பீட்டைக் கோடிட்டுக் காட்ட வேண்டியிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் தாளம் போடும் கை நின்றாலும் கணக்கு நிற்காததுபோல. கேட்பவர் காலால் தட்டிக்கொண்டே இருந்தால் பாஸ் மீண்டும் நடைக்குத் திரும்பும் இடத்தில் உங்கள் காலும் அதுவும் ஒன்றாக விழும். விழவில்லை என்றால் இன்னொரு முறை கேளுங்கள்.

சில நேரம் நான்கு அளவு பியானோ, நான்கு அளவு பாஸ் என்று மாறி மாறியும் வாசிப்பார்கள். டிரம்ஸ் உள்ள குழுவில் இந்த முறை பெரும்பாலும் டிரம்மருக்குப் போகும்.

கேட்கும் முறை

முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள். செல்போனின் சிறு ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. பாஸின் நான்கு தந்திகளும் விரல் வைக்காத நிலையில் 41-க்கும் 98-க்கும் இடையில் என்று மேலே பார்த்தோம். அதாவது போனில் கேட்பது பாஸின் நிழல்தான். "பாஸ் எங்கே, கேட்கவேயில்லையே" என்ற புகாரில் பாதிக்கு மேல் இதனால்தான் வருகிறது. நல்ல இயர்போன் போதும். தேவாலயத்தில் வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கரில் போடுவதானால் பாஸ் குமிழை ஏற்றாதீர்கள். எல்லாச் சுரமும் ஒரே 'பும்' ஆகிவிடும்.

ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாஸை மட்டும். 2-லும் 4-லும் விரலால் தொடையில் தட்டுங்கள். நம் ஊரில் கை தட்டல் பெரும்பாலும் 1-லும் 3-லும் விழும். ஜாஸுக்கு அது எதிர்ப்பக்கம், முதலில் கொஞ்சம் தடுமாறும். இரண்டாம் முறை பியானோவின் இடது கையை மட்டும். எத்தனை கார்டு போடுகிறார் என்று பார்க்காமல் எங்கே போடாமல் விடுகிறார் என்று பாருங்கள். மூன்றாம் முறை சுற்றை எண்ணுங்கள். பழைய ஜாஸ் பாட்டுகளில் பல 32 அளவு கொண்டவை: எட்டெட்டாக நான்கு பகுதி, மூன்றாவது மட்டும் வேறு மெட்டு. 32 அளவு என்றால் 128 பீட். டெம்போ 120 என்றால் ஒரு சுற்று 64 விநாடி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால், கற்பனை எவ்வளவு தூரம் போனாலும் 64-ஆவது விநாடியில் இருவரும் ஒன்றாக வீடு திரும்புவது தெரியும். ப்ளூஸ் என்றால் 12 அளவு, 48 பீட், அதே டெம்போவில் 24 விநாடி.

எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பாஸ்காரர் சார்லி ஹேடனும் பியானோக்காரர் ஹாங்க் ஜோன்ஸும் 1995-இல் வெளியிட்ட 'ஸ்டீல் அவே'. முழுக்க ஆன்மிகப் பாடல்களும் பாமாலைப் பாடல்களும் நாட்டுப்பாடல்களும். அதன் பாமாலைத் தொகுப்பில் வரும் மெட்டுகளில் இரண்டு, தமிழ்த் தேவாலயங்களில் 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' என்றும் 'பாவ சஞ்சலத்தை நீக்க' என்றும் பாடுபவை. மெட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் காது முழுவதையும் மற்ற விஷயங்களுக்குக் கொடுக்கலாம். ஹாங்க் ஜோன்ஸின் தம்பி எல்வின் ஜோன்ஸ் உலகப் புகழ்பெற்ற டிரம்மர்; டிரம்ஸ் கிடைக்காமல் அண்ணன் இப்படி வாசிக்கவில்லை.

நடை பாஸ் நன்றாகக் கேட்க, பியானோக்காரர் கென்னி பாரனும் பாஸ்காரர் டேவ் ஹாலண்டும் 2014-இல் வெளியிட்ட பதிவு. மெதுவான காதல் மெட்டுகளுக்கு, பியானோக்காரர் கீத் ஜாரெட்டும் ஹேடனும் ஜாரெட்டின் வீட்டில் 2007-இல் வாசித்து 2010-இல் வெளிவந்த 'ஜாஸ்மின்'. ஜாரெட் வாசிக்கும்போது முனகுவார். இயர்போன் கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம்.

பில் எவன்ஸும் எடி கோமெஸும் 1970-களில் வாசித்தவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோமெஸ் பல இடங்களில் நடப்பதே இல்லை. மேல் சுரங்களில் ஏறிப் பியானோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பீட்டை இருவருமே வெளியில் காட்டாமல் உள்ளே வைத்திருப்பார்கள். பதினொரு ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர்களுக்கு அது கட்டும். முதல் நாளே அதைக் கேட்டுவிட்டு 'தாளமே இல்லை' என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு பரவியதில் இதற்கும் பங்கிருக்கும்.

கீபோர்டும் பாஸ் கிட்டாரும் கையில் இருந்தால்

கேட்டது புரிந்ததா என்று சோதிக்க வாசித்துப் பார்ப்பதே நல்ல வழி. டபுள் பாஸ் வேண்டாம், பாஸ் கிட்டார் போதும். பாஸ் கிட்டாரின் ஓசை டபுள் பாஸைவிட நீளமாக நிற்கும். பிரிட்ஜ் பக்கம் வலது உள்ளங்கையின் ஓரத்தை லேசாக வைத்து அடக்கினால் கொஞ்சம் பக்கத்தில் வரும். கீபோர்டில் ஸ்டைலை அணைத்துவிட்டு வெறும் பியானோ டோன் வையுங்கள்.

டி மைனர் 7 ஓர் அளவு, ஜி 7 ஓர் அளவு, சி மேஜர் இரண்டு அளவு. மொத்தம் 16 பீட், திரும்பத் திரும்ப. பாஸ் முதலிரண்டு அளவுக்கும் மேலே கொடுத்த நடையை வாசிக்கட்டும். அடுத்த இரண்டுக்கும் 'ச – க3 – ப – த2 | ப – க3 – ச – ரி1' என்று போனால் ரி2-இல் மறுபடி தொடங்க வழி கிடைக்கும். பியானோவின் இடது கை மேலே கொடுத்த மூன்று கார்டுகள் மட்டும். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்கக் கூடாது. போனில் மெட்ரோனோமை, அதாவது சீராக 'டிக்' அடிக்கும் செயலியை, 60-இல் வையுங்கள். ஒவ்வொரு 'டிக்'கையும் 1 என்று எண்ணாமல் 2, 4 என்று எண்ணுங்கள். டெம்போ 120 ஆகிவிடும், அந்த 'டிக்' இல்லாத டிரம்மரின் ஹை-ஹாட் ஆகிவிடும். நான்கு சுற்று டூ-ஃபீல், பிறகு நான்காக நடை.

கைக்கு வந்ததும் மெட்ரோனோமை நிறுத்திவிட்டுப் பத்துச் சுற்று வாசித்துப் பதிவு செய்யுங்கள். 160 பீட், சரியாக 80 விநாடி வர வேண்டும். 78-க்கும் 82-க்கும் இடையில் முடிந்தால் தொடக்கத்துக்கு மிக நல்லது. 76-இல் முடிந்தால் டெம்போ சராசரியாக 126-க்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் ஓடிப்போவதுதான் நடக்கும், பின்தங்குவது அபூர்வம். பதிவைத் திரும்பக் கேட்டால் எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும்: சத்தம் கூடிய இடத்தில், அல்லது யாரோ ஒருவர் இடைவெளியைப் பார்த்துப் பயந்து நிரப்பிய இடத்தில். சத்தத்தைக் கூட்டும்போது கை தானாக வேகம் எடுக்கும். பாஸ்காரர் மனதுக்குள் 'தகிட தகிட' சொல்லிக்கொண்டே வாசித்தால் இது குறையும். பியானோக்காரர் அளவுக்கு ஒரே கார்டு என்று இரண்டு சுற்று வாசித்துப் பாருங்கள்; பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

இருவரில் ஒருவர் சுற்றைத் தொலைத்துவிட்டால் வாய் தகராறு வேண்டாம். பியானோ ஓர் அளவு கையை எடுத்துவிட வேண்டும், பாஸ் அடுத்த முதல் பீட்டில் ரி2-வை அழுத்தி வைக்க வேண்டும், பியானோ அங்கே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். பாஸ்காரர் சொன்ன இடம் தவறாகவே இருந்தாலும் அப்போதைக்கு அதுதான் 1.